தேர்த்துகளின் பகுதியெண்

பழந்தமிழ்க் கணக்கு நூலாகிய கணக்கதிகாரத்தொடு சார்த்தி வழங்கும் கீழ்வாயிலக்க வாய்பாட்டில் இறுதியாக நிற்பது தேர்த்துகள். ஒன்றினை 2,32,38,24,53,02,27,20,00,00,000 கூறாக்கின், அவற்றுள் ஒரு கூறு தேர்த்துகள் எனப்படும். இருபத்திரண்டு இலக்கங்களையுடைய இப்பேரெண்ணைக் கண்டு, பண்டைத் தமிழர் அத்துணை நுண்பொருளை அளந்தறிந்தனர் என்பாரும் உளர். அக்கூற்று பொருந்துமா என்பதை அவ்வெண்ணின் இயல்பு கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

ஒன்று 320 முந்திரியாகவும், முந்திரி 320 கீழ்முந்திரியாகவும் பகுக்கப்படும். அதன்கீழ் 21 இம்மி, 11 மும்மி, 7 அணு, 9 குணம், 5 பந்தம், 6 பாகம், 7 விந்தம், 17 நாகவிந்தம், 14 சிந்தை, 20 கதிர்முனை, 40 குரல்வளைப்படி, 60 வெள்ளம், 100 நுண்மணல், 6½ தேர்த்துகள் என வாய்பாடு படிப்படியாக இறங்கும். இவையனைத்தையும் பெருக்கிவரும் எண்ணைப் பகா எண்களாக விரிப்பின், 2 இருபத்திரண்டு முறையும், 3 ஐந்து முறையும், 5 எட்டு முறையும், 7 நான்கு முறையும், 11, 13, 17 என்பன ஒவ்வொரு முறையும் வருதல் காணலாம். ஆதலின் 1 முதல் 18 முடியவுள்ள எல்லா எண்களும் இதனை மீதியின்றி வகுக்கும்; 19 வகுக்காது.

இதனைக் கல்வெட்டுக் கணக்கொடு ஒப்புநோக்குதல் தகும். முதலாம் இராசராசன் (கி.பி. 985–1014) காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஒரு வேலியின் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டுள்ளது. இதுவும் கோல்கொண்டு அளந்த அளவாதல் இயலாது, கணக்கின்வழிப் பெற்றதேயாம். இவ்வெண் 320ஐ நான்கு முறை பெருக்கி, மீண்டும் 5ஆல் பெருக்கப் பெறுவது. இதன்கண் 2, 5 ஆகிய இரண்டு பகா எண்களே உள்ளன. முந்திரியை எத்துணை முறை முந்நூற்றிருபது கூறாக்கினும், மூன்றிலொன்றையோ ஏழிலொன்றையோ மீதியின்றிக் கூறல் இயலாது.

அக்குறையை நீக்குவது இம்மி. 21 என்னும் எண்ணால் 3, 7 ஆகிய இரண்டும் ஒருங்கே புகுகின்றன. மூன்றிலொன்று 7,16,800 இம்மியாகவும், ஏழிலொன்று 3,07,200 இம்மியாகவும் அமைகின்றன. மும்மியால் 11உம், நாகவிந்தத்தால் 17உம் சேர்கின்றன. எஞ்சிய 13 மட்டும் இறுதிப்படியில் வருகின்றது. முழுவெண்களாகவே இறங்கிவந்த வாய்பாடு ஆண்டு மட்டும் 6½ எனப் பின்னம் பெறுதல் பெரிதும் நோக்கற்பாலது. 13இன் பாதியன்றோ 6½.

இது வேண்டுமென்றே வகுத்த முறையெனத் துணிதல் அரிது. 1 முதல் 18 வரை வகுபடுதல் ஒன்றே கருத்தாயின், 1,22,52,240 என்னும் சிற்றெண்ணே அமையும். 7 நான்கு முறை வரவேண்டுவதில்லை. எனினும், அணு, நுண்மணல், தேர்த்துகள் என்னும் பெயர்களை மட்டும் நோக்கி நுண்பொருளளவை எனக் கொள்ளுதற்கு எண்ணமைப்பு இடந்தரவில்லை. மீதியின்றிப் பங்கிடும் கணக்கிற்கு இயைந்ததென்பதே அதனாற் புலனாவது. எனவே, இவ்வாய்பாட்டின் சிறப்பு அளவின் சிறுமையிலன்று, வகுத்தலின் செம்மையிலேயே உளதெனக் கொள்ளுதல் பொருத்தமாகும்.