பேச்சு வைத்தியத்தின் பூர்வ கதை

மின்சாரம் பாய்ச்சுவதும், நீராட்டுவதும், மயக்க மருந்து கொடுப்பதுமே மனநோய்க்கு வைத்தியர்கள் கையாண்ட உபாயங்களாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதும் ஒரு சிகிச்சையாகலாம் என்று கருதியவர்கள் மிகச் சிலரே. அதைக் கண்டறிந்த பெருமை சிக்மண்ட் பிராய்டுக்கே உரியது என்பது பொதுவாக நிலவும் அபிப்பிராயம். ஆயினும், அம்முறை உருவான வரலாற்றைச் சற்று நிதானமாக ஆராய்வோருக்கு, வைத்தியர்கள் நோயாளிகளுக்குக் கற்பித்ததைக் காட்டிலும் நோயாளிகள் வைத்தியர்களுக்குக் கற்பித்ததே அதிகம் என்பது புலனாகும்.

வியன்னா நகரில் செல்வம் மிக்க யூதக் குடும்பமொன்றில் பிறந்த பெர்த்தா பாப்பன்ஹைம், 1880-ஆம் ஆண்டில், நோயுற்ற தந்தைக்கு இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்து, முடிவில் தாமே படுக்கையில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 21. கை கால்கள் மரத்தன, பார்வை தடுமாறிற்று, ஒரு கட்டத்தில் தாய்மொழியாகிய ஜெர்மன் நாவில் வராமற்போய், ஆங்கிலத்திலேயே பேசினார். சிகிச்சைக்கு வந்தவர் ஜோசப் புரூயர் என்ற பிரபல வைத்தியர். அவர் மாலைதோறும் வந்து பக்கத்தில் அமர்ந்து கேட்பார். பெர்த்தா ஒருவித மயக்க நிலையில் மனத்தில் உள்ளதைச் சொல்லிக்கொண்டே போவார். சொல்லி முடித்ததும் சாந்தம் உண்டாகும். இதற்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்று பெயர் சூட்டியவர் வைத்தியரல்லர், நோயாளியே. விளையாட்டாகப் ‘புகைபோக்கியைச் சுத்தம் செய்வது’ என்றும் அவர் சொல்வதுண்டு.

கடுங்கோடையில் ஒரு விநோதம் நிகழ்ந்தது. தாகத்தால் நா வறண்டபோதிலும், தண்ணீர்த் தம்ளர் உதட்டில் பட்டவுடனே பெர்த்தா அதை அருவருப்புடன் தள்ளிவிடுவார். ஏறக்குறைய ஆறு வாரகாலம் முலாம்பழம் முதலிய கனிகளைக் கொண்டே தாகத்தைத் தணித்துவந்தார். ஒரு நாள் மயக்க நிலையில், தமக்குத் துணையாக இருந்த ஆங்கில மாதின் அறைக்குள் நுழைந்தபோது அவளுடைய நாய் தம்ளரில் நீர் குடிப்பதைக் கண்டதாகவும், மரியாதையை முன்னிட்டு ஒன்றும் சொல்லாதிருந்துவிட்டதாகவும் கூறி, அன்று அடக்கிய கோபத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தார். உடனே தண்ணீர் கேட்டு மடமடவென்று குடித்தார்; தம்ளர் உதட்டில் இருக்கும்போதே மயக்கமும் தெளிந்தது. அந்த அருவருப்பு பிறகு தலைகாட்டவில்லை என்று புரூயர் எழுதுகிறார்.

புரூயரும் பிராய்டும் 1895-இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலில், ‘அன்னா ஓ.’ என்ற புனைபெயருடன் இவ்வரலாறு இடம்பெற்றது. சிகிச்சை 1882 ஜூனில் இனிதே முடிவுற்றது போன்ற எண்ணத்தையே அந்நூல் உண்டாக்கிற்று. உண்மையோ வேறு. அடுத்த மாதமே பெர்த்தா சுவிட்ஸர்லாந்தில் கிரொய்ட்ஸ்லிங்கன் என்ற ஊரிலிருந்த மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டார். மார்பியா மருந்துக்கும் அடிமைப்பட்டிருந்தார். ஆராய்ச்சியாளர் எல்லன்பெர்கர் பழைய ஏடுகளிலிருந்து இதை 1972-இல் வெளிப்படுத்தினார். ஒரு புதிய சாஸ்திரத்தின் அஸ்திவாரமாகக் காட்டப்பட்ட வரலாற்றில் இதை மறைத்தது நியாயமன்று என்பதே என் கருத்து. மறையாமல் சொல்லியிருந்தாலும் அம்முறையின் மதிப்புக் குறைந்திராது.

நோயாளியிடமிருந்து கற்றுக்கொள்வதில் பிராய்டின் அனுபவமும் இத்தகையதே. ‘எம்மி’ என்று அவர் குறிப்பிட்ட ஒரு மாது, இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று ஓயாமல் வினவுவதை நிறுத்திவிட்டுத் தம்மைப் பேசவிடுமாறு கண்டித்துக் கேட்டுக்கொண்டார். வைத்தியர் பணிந்தார். மனம்போனபடி பேசவிடும் பிற்கால முறைக்கு அக்கண்டனமும் ஒரு வித்தாயிற்று. 1891 முதல் வியன்னாவில் பெர்க்காஸே தெருவின் 19-ஆம் எண் இல்லத்தில் நோயாளிகள் படுத்துப் பேசிய புகழ்பெற்ற சாய்மஞ்சமும், நன்றியுள்ள ஒரு நோயாளி அளித்த பரிசேயாம். பிராய்ட் அதன் தலைமாட்டில், கண்ணுக்குப் படாமல் உட்கார்ந்திருப்பார். நாளெல்லாம் பிறர் தம்மையே உற்றுநோக்குவது தமக்குச் சகிக்கவில்லை என்று அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்! 1938-இல் நாஜிகளுக்குத் தப்பி அவர் லண்டன் சென்றபோது அம்மஞ்சமும் உடன் சென்றது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டிலும் இப்பேச்சு வைத்திய முறை விரைவிலேயே வேரூன்றிற்று. கிரீந்திரசேகர போஸ் 1922-இல் கல்கத்தாவில் இதற்கென ஒரு சங்கம் நிறுவினார்.

பெர்த்தாவோ சில ஆண்டுகள் விடுதிகளுக்குப் போவதும் வருவதுமாக அல்லலுற்று, 1888-இல் தாயாருடன் பிராங்க்பர்ட்டில் குடியேறினார். அங்கே அநாதைச் சிறுமியர் இல்லமொன்றை நடத்தினார். 1904-இல் யூதப் பெண்கள் சங்கத்தை ஸ்தாபித்தார். ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1907-இல் நொய்-ஈஸன்பர்க்கில் ஓர் இல்லம் கண்டார். பெண்களை விற்கும் கொடுமையை எதிர்த்துத் தேசந்தோறும் சென்று போராடினார். இந்த வளர்ச்சியை அந்த மாலைநேரப் பேச்சுக்களின் பலனென்று முழுவதும் வரவு வைப்பதும் தவறு. அவற்றுக்கு யாதொரு பங்கும் இல்லை என்று தள்ளுவதும் தவறு. பிறர் குறையைக் கேட்பதையே தம் பிற்கால வாழ்வின் தொழிலாகக் கொண்ட அம்மாதரசி 1936-இல் காலமானார். ‘அன்னா ஓ.’ இவரே என்பதைப் பிராய்டின் சரித்திர ஆசிரியர் ஜோன்ஸ் 1953-இல்தான் உலகுக்கு வெளியிட்டார். அடுத்த ஆண்டு மேற்கு ஜெர்மனி, மனித குலத்துக்கு உதவியோர் வரிசையில் அவருடைய உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. அந்தக் கௌரவம் நோயாளிக்கு அன்று, சமூக ஊழியருக்கே அளிக்கப்பட்டது.