ஏர் கன்னும் அப்பாக்களும்

நம் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் கையில் தொட்ட ஒரே துப்பாக்கி, மெரினாவிலோ கோயில் திருவிழாவிலோ பலூன் சுடும் கடைத் துப்பாக்கியாகத்தான் இருக்கும். புதுச்சேரியில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில், மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் அந்தக் கடை வரும். பள்ளிப் பையன்கள் நாங்கள் அதை 'கரபீன்' என்று பெரிய மனிதர்கள் போலச் சொல்லிக்கொள்வோம். மற்றபடி துப்பாக்கி என்றால் போலீஸ், ராணுவம், இல்லாவிட்டால் ராஜா.

அதற்குக் காரணம் சட்டம்தான். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நம் பூந்தமல்லியில் வெள்ளைச் சிப்பாய்களுக்கு ராணுவக் குடியிருப்பு இருந்த நூற்றாண்டு அது. அவன் தோளில் துப்பாக்கி, நம்மவன் தோளில் ஏர்க்கலப்பை. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளையன், இந்தியன் என்ற பேதம் போனது, உரிமம் போகவில்லை.

பணியில் இருந்தபோது சில வருடங்கள் ஆயுத உரிமக் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது என்று விவசாயி கேட்பார். பெரும்பாலும் வருவது, அப்பா காலமாகிவிட்டார், அவர் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றுங்கள் என்ற மனு. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குத் துப்பாக்கி வந்த வழி அந்தக் காலத்தில் வாரிசுச் சான்றிதழ் வழிதான்! விளையாடுவதற்கு என்று கேட்டு வந்த மனுக்களை விரல் விட்டு எண்ணலாம்.

விளையாட்டாக அதற்கு ஓர் அமைப்பு 1951-ல் வந்தது. தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவர் மக்களவை சபாநாயகர் ஜி.வி. மவளங்கர். இன்றும் தேசியப் போட்டிக்கு முந்தைய அகில இந்தியப் போட்டிக்கு அவர் பெயர்தான். ஆனால் ஆரம்பத்தில் பேர் வாங்கியவர்கள் அரச குடும்பத்தார். பிகானீர் மகாராஜா கர்னி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அவர் மகள் ராஜ்யஸ்ரீ குமாரி சிறுமியாக ஏர் ரைபிளில் தொடங்கி, 1968-ல் அர்ஜுனா விருது வாங்கினார். அப்போது வயது 15. அப்பா அதே விருதை 1961-லேயே வாங்கியிருந்தார். நம் பக்கத்தில் புதுக்கோட்டை. அந்த அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்டவர். அவர் தந்தை ராஜகோபால தொண்டைமானும் துப்பாக்கி சுடும் வீரர்தான்.

இவர்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டிராப்பில் பறக்கும் களிமண் தட்டு ஒவ்வொன்றுக்கும் தோட்டா தீரும். தினமும் நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழக வேண்டும். சம்பளக்காரன் அதற்கு எங்கே போவான்?

வழி திறந்தது ஏர் ரைபிளால். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளைச் சேர்த்தார்கள், 1988 சியோலில் ஏர் பிஸ்டல். வெடிமருந்து கிடையாது, அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈய ரவையைத் தள்ளுகிறது. குழல் விட்டம் அதற்கு மிகாமலும், வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் நம் நாட்டில் ஆயுத உரிமமே வேண்டாம். எங்கள் பிரிவில் ஒரு கோப்பு குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமும் அதிகம் வேண்டாம், 10 மீட்டர் நீளக் கூடம் போதும். ஆனால் குறி இருக்கிறதே, ரைபிள் இலக்குத் தாளின் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். முற்றுப்புள்ளி வைத்தது போல இருக்கும். அதை நோக்கி ஒன்றே கால் மணி நேரத்தில் 60 முறை சுட வேண்டும். உடல் பலத்தைவிட மூச்சும் பொறுமையும்தான் முக்கியம். அதனால் இதில் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் அவள் அப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பழக முடியும். வேறு எந்த விளையாட்டில் முடியும்?

எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு ஜோடி உண்டு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். மகளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு வெளியே பைக் மேல் உட்கார்ந்திருந்தவரை, "சும்மாதானே இருக்கீங்க, நீங்களும் நில்லுங்க" என்று கோச் கூப்பிட்டிருக்கிறார். லேத்தில் நூலளவு பிசகாமல் வேலை பார்த்த கை, சீக்கிரம் படிந்துவிட்டது. ஆனாலும் இப்போது மகள்தான் அதிகம் எடுக்கிறாள். "அப்பா டிரிக்கரை இழுக்கிறார் தாத்தா, அழுத்தணும்" என்று என்னிடம் புகார் வேறு. வீட்டில் சுவரில் பேனாவால் ஒரு புள்ளி. ரவை போடாமல் அதையே குறிபார்த்து நிற்கிறார்கள். செலவில்லாத பயிற்சி.

சிக்கல் இனிமேல்தான். நிலையத்துத் துப்பாக்கியை இருவரும் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். உள்நாட்டு ஏர் ரைபிள் சில ஆயிரத்தில் கிடைக்கும், ஆனால் பெரிய போட்டிக்கு வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் துப்பாக்கி வேண்டும். அது லட்சக் கணக்கு. திருநின்றவூர்ப் பக்கம் அவருக்கு அரை கிரவுண்டு இருக்கிறது. "வித்துடலாமா சார்?" என்று கேட்டார். நமக்குத் தெரிந்த முன்னுதாரணம் ககன் நாரங். நம் சென்னையில் பிறந்தவர், 2012 லண்டனில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம். அவருக்குத் துப்பாக்கி வாங்கப் பெற்றோர் மனையை விற்று, வாடகை வீட்டிலேயே பல வருடம் இருந்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. அவரே பின்னாளில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அந்த வழியில் வந்தவர்தான். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்டார். ஆனால் மனையை விற்றும் ஒன்றும் ஆகாத வீடுகளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

அப்பா, பிள்ளை சேர்ந்து சுடுவது உலகத்தில் புதிதல்ல. சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தன் 60-ஆவது வயதில், மகன் ஆல்ஃபிரடோடு ஒரே அணியில் நின்று தங்கம் வென்றார். ஓடும் மான் போன்ற பலகையைச் சுடும் போட்டி அது. 1920 ஆன்ட்வெர்ப்பில் மறுபடி வெள்ளி, அப்போது வயது 72. அவரைவிட மூத்தவர் யாரும் இன்றுவரை ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டியில் பதக்கம் வாங்கியதில்லை. எனக்கு 74 நடக்கிறது. இதைப் படித்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்சே கதை இன்னும் சுவை. பயிற்சி கொடுத்தவர் அவர் அப்பாவே. 1988 சியோலில் பிஸ்டலில் தங்கம். 2016 ரியோவில் அவரும் 18 வயது மகன் த்சோட்னேயும் ஒரே ஒலிம்பிக்கில் சுட்டார்கள்; தாயும் மகனும் அப்படி இறங்கியது அதுவே முதல்முறை. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கிப் போட்டிகள் ஷாத்தோரூ என்ற ஊரில் நடந்தன. மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினாரே, அங்கேதான். நினோவுக்கு அது பத்தாவது ஒலிம்பிக்.

எங்கள் தெருக்காரர் மனையை இன்னும் விற்கவில்லை. மாநிலப் போட்டியில் மகள் எடுக்கும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். போட்டியில் அப்பாவும் பெயர் கொடுத்திருக்கிறார்.