காலக் கணிப்பில் காய்தலும் உவத்தலும்

காய்தல் உவத்தல் இன்றி ஒரு பொருளை ஆராய்தல் வேண்டும் என்பது தமிழ்ப் புலமையுலகில் வழிவழியாக வற்புறுத்தப்பெற்று வரும் நெறியாகும். ஆயினும், ஆராய்பவனும் மனிதனே. அவனுக்கு மொழி உண்டு, சமயம் உண்டு, பிறந்த மண்ணின்மீது பற்றும் உண்டு. இவற்றையெல்லாம் களைந்துவிட்டு ஆராய்ச்சிக் களத்துள் புகுதல் இயலுமா? இயலாதெனின், நடுநிலை என்பது வெறுஞ்சொல்தானா? இவ்வினாக்களுக்கு விடை காண, தமிழ் இலக்கியக் கால ஆராய்ச்சியின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு பெரிதும் துணைசெய்யும். ஒரு புலவரின் காலத்தை முன்னே கொண்டு செல்வதும் பின்னே தள்ளுவதும் இங்கு வெறுங்கணக்காக இருந்ததில்லை. ஓர் இனத்தின் பெருமையாகவும் சிறுமையாகவும் அது கொள்ளப்பட்டது.

கால்டுவெல்லின் எதிர்பார்ப்பு

இராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தின் வாயிலாகத் திராவிட மொழிகள் வடமொழியினின்றும் கிளைத்தவை அல்ல, தனிக்குடும்பம் சார்ந்தவை என்பதை நிலைநாட்டியவர். தமிழின்மேல் அவருக்குக் காழ்ப்பு இருந்தது என்று எவரும் கூறார். எனினும், திருஞானசம்பந்தரை அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வைத்தார். சம்பந்தர் வெப்புநோய் தீர்த்த கூன்பாண்டியனுக்குச் சுந்தர பாண்டியன் என்னும் பெயரும் வழங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாடு வந்த மார்க்கோ போலோவும் அப்பெயருடைய பாண்டியன் ஒருவனைக் குறித்துள்ளார். இருவரும் ஒருவரே என்று கொண்டதனால் நேர்ந்த முடிவு அது.

பாண்டியர் மரபில் ஒரே பெயர் பலருக்கு வழங்குவது இயல்பு. அவ்வாறிருந்தும் இப்பெயர் ஒற்றுமை போதிய சான்றாகத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. தமிழ் இலக்கியம் பெரும்பாலும் பிற்காலத்தது என்னும் எண்ணம் அன்று பரவியிருந்தது. பழைய நூல்கள் ஏட்டிலேயே உறங்கின. சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887இலும், உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பு 1889இலும், புறநானூற்றுப் பதிப்பு 1894இலும்தான் வெளிவந்தன. சார்பு எப்போதும் பகையுருவில் வருவதில்லை. கையில் உள்ளதே அனைத்தும் என்னும் எதிர்பார்ப்பின் உருவிலும் வரும். எதிர்பார்த்த முடிவைத் தரும் சான்றை ஆராய்வோர் கடுமையாகச் சோதிப்பதில்லை.

கவிஞர் செய்த கணக்கு

இம்முடிவை மறுக்க முன்வந்தவர் உணர்ச்சியற்ற கணக்கர் அல்லர், கவிஞர். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) அவர்கள் 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். அதன் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியே 1970இல் தமிழ்நாட்டரசால் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பெற்றது. தமிழின்மேல் அத்தகைய காதல் கொண்ட அவரே, திருஞானசம்பந்தர் காலம் பற்றி 1890களில் ஆங்கிலத்தில் ஆராய்ச்சி எழுதினார். நாடகத்தில் பெருக்கெடுக்கும் உணர்ச்சியை அவ்வாராய்ச்சியில் காண்டல் அரிது. கல்வெட்டுச் சான்றையும் நூற்சான்றையும் இணைத்துச் செல்வதே அவர் மேற்கொண்ட வழி.

அவ்வழியின் வலிமையை ஒரு சங்கிலியால் விளக்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சேக்கிழார் நம்பியாண்டார் நம்பியைப் பின்பற்றினார். நம்பி சுந்தரரின் திருத்தொண்டத் தொகையைப் பின்பற்றினார். சுந்தரர் தம் தொகையில் சம்பந்தருக்கு அடியேன் என்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெண்மரை முதலாம் இராசராசன் அமர்த்திய செய்தியைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டு கூறுகிறது. சம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்றால், அவர் பிறப்பதற்கு முன்னரே இத்தனை பேரும் அவரை அறிந்திருந்தனர் என்று கொள்ள நேரும்.

சுந்தரம் பிள்ளை அவர்களின் முடிவு அடக்கமானது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவர் அல்லர் என்பதே அது. எவ்வளவு முற்பட்டவர் என்று நீட்டிச் சொல்லும் ஆசைக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. பின்னர், கல்வெட்டறிஞர் வெங்கையா, சம்பந்தர் பதிகத்தில் போற்றப்பெறும் சிறுத்தொண்டரின் வாதாபிப் படையெடுப்பை, முதலாம் நரசிம்மவர்மன் 642இல் அந்நகரை வென்ற நிகழ்ச்சியோடு பொருத்திக் காட்டினார். ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்ட முடிவு. சுந்தரம் பிள்ளை அவர்களை வினா எழுப்பத் தூண்டியது பற்றே. விடை கூறும் பொறுப்பை மட்டும் அவர் பற்றினிடம் ஒப்படைக்கவில்லை.

வையாபுரிப் பிள்ளையும் எதிர்ப்பும்

அடுத்த தலைமுறையில் இப்பூசல் கடுமையுற்றது. 1926 முதல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து அப்பெரும்பணியை நிறைவேற்றிய ச. வையாபுரிப் பிள்ளை (1891–1956) அவர்கள், தொல்காப்பியத்தை ஐந்தாம் நூற்றாண்டிலும், திருக்குறளை ஏறத்தாழ 600ஆம் ஆண்டளவிலும், சிலப்பதிகாரத்தை எட்டாம் நூற்றாண்டிலும் வைத்தார். வடசொல் ஆட்சி, வடநூற் கருத்துகளோடு ஒப்புமை, பிற்கால இலக்கண வடிவங்கள் ஆகியவை அவர் காட்டிய சான்றுகள். ஏடுகளோடு வாழ்நாள் முழுதும் பழகியவர் காட்டிய சான்றுகள் அவை. சொல்லுக்குச் சொல் மறுக்கத்தக்கவையும் ஆகும். குறளுக்கும் வடநூலுக்கும் கருத்து ஒக்கின், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது கட்டாயமில்லை. இரண்டும் பொதுவான ஒரு மூலத்தைச் சார்ந்திருக்கலாம். ஒப்பிடப்பெற்ற வடநூல்களின் காலமும் உறுதியானதன்று. இவ்வழியில் அவரை மறுத்த அறிஞர் உண்டு. ஆனால், சான்றை விடுத்து அவருடைய நோக்கத்தை ஆராயப் புகுந்தோரும் பலர். தமிழுக்குப் பகைவர் என்னும் பட்டம் மறுப்பாக வழங்கப்பட்டது. ஒருவர் எதன்பொருட்டுச் சொன்னார் என்பது தெளிந்தாலும், சொன்னது மெய்யா பொய்யா என்பது தெளியாது. மேலும், சங்கத் தொகைகளின் பெரும்பகுதியை அவரும் கி.பி. முதற் சில நூற்றாண்டுகளிலேயே வைத்தார் என்பது அவ்வாரவாரத்தில் மறைந்துபோயிற்று.

கணிதமும் சார்புக்குத் தப்பிய அரண் அன்று. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை பரிபாடல் பதினொன்றாம் பாட்டின் கோள்நிலையைக் கணித்துக் கி.பி. 634 என்று ஆண்டு கூறினார். கணிப்பு நுட்பமானது, ஆனால், பாட்டின் குறிப்புகளுக்குப் பொருள்கொள்ளும் முறை மாறின், கணக்கின் விடையும் மாறிவிடும். பொருள்கொண்டது மனிதன், கணிதம் அதற்குப் பின்னரே வந்தது.

குகைக் கல்வெட்டுகளின் விடை

பாண்டிநாட்டுக் குன்றுகளில் உள்ள பிராமி எழுத்துகளைத் தொடக்கத்தில் பிராகிருதம் என்றே கருதிப் படிக்க முயன்றனர். எழுத்து வடநாட்டது, ஆகவே மொழியும் வடநாட்டது என்பது சோதிக்கப்படாத ஊகம். கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில், அவை தமிழ் என்று எடுத்துக்காட்டினார். தமிழுக்கே உரிய சிறப்பெழுத்துகள் அங்கு இருந்தன.

கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டுகளை 1965இல் ஐராவதம் மகாதேவன் விளக்கியபோது, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் வெளிப்பட்டனர். எழுத்தமைதியால் அவை கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவின, பதிற்றுப்பத்தின் இரும்பொறை மரபினரோடு அறிஞர் அவர்களைப் பொருத்தினர். 1981இல் கண்டறியப்பட்ட சம்பைக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை அசோகன் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் என்னும் பெயராலேயே குறிக்கிறது.

சங்கப் புலவர் பாடியவர் மெய்யான மன்னர் என்பது இவற்றால் உறுதிப்பட்டது. எனினும், இவை எந்தக் கட்சிக்கும் முழுவெற்றி தரவில்லை. மூன்று சங்கங்கள் பல்லாயிரம் ஆண்டு நிலவின என்பதற்கு இவற்றில் சான்றில்லை. மறுபுறம், மதுரையை அடுத்த மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய கல்வெட்டு, கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிலேயே ‘தம்மம்’ என்னும் பிராகிருதச் சொல்லை ஆள்கிறது. வடபுலச் சொல் இருப்பதனாலேயே ஒரு நூல் பிற்பட்டது என்பார்க்கும், பழந்தமிழில் அத்தகைய சொல்லே இல்லை என்பார்க்கும் இந்த ஒரு சொல் ஒருங்கே தடையாக நிற்கிறது. 2014இல் தொடங்கிய கீழடி அகழாய்வில் கிடைத்த பொருள்களின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை கொண்டு சென்ற 2019ஆம் ஆண்டு அறிக்கைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அங்கு வாழ்ந்தோரின் பழமை நாட்டின் வரலாற்றுக்குப் பெருஞ்சான்று. தொகைநூற் பாட்டொன்றின் காலத்தை அது தானே நிறுவிவிடாது.

திருக்குறளின் காலமும் சிலப்பதிகாரத்தின் காலமும் இன்றும் முடிந்த முடிபாகவில்லை. கி.மு. 31ஐத் தொடக்கமாகக் கொண்ட திருவள்ளுவர் ஆண்டைத் தமிழ்நாட்டரசு வழக்கிற் கொண்டுள்ளது. ஒரு சமுதாயம் தன் பெரும்புலவரைப் போற்ற ஆண்டொன்றை வரையறுத்துக் கொள்வது முறையே. அவ்வரையறையை ஆராய்ச்சியின் முடிவாக எடுத்துக்காட்டுவதுதான் பிழை.

பற்றுடையோர் ஆராயலாகாது என்றால் சுந்தரம் பிள்ளை அவர்களின் ஆராய்ச்சியே தோன்றியிராது. பற்றே சான்றாகும் என்றால் கால்டுவெல்லின் பெயர் ஒற்றுமைக்கும் விடையிறுக்க இயலாது போயிருக்கும். எத்தகைய சான்று கிடைத்தால் தன் முடிவை மாற்றிக்கொள்வேன் என்று தனக்குள்ளேனும் முன்கூட்டி வரையறுத்துக் கொள்பவனே நடுநிலையாளன். அவன் உள்ளத்தில் தமிழ்க் காதல் எவ்வளவு பெருகினும் குற்றமில்லை. அவ்வரையறை இல்லாதவன் எவ்வளவு அமைதியாகப் பேசினும், வழக்கைக் கேட்குமுன் தீர்ப்பெழுதியவனே ஆவான். வள்ளுவர் காலமும் இளங்கோ காலமும் பற்றி இனி எழும் வாதங்களையும் இவ்வளவுகோலாலேயே மதிப்பிடல் வேண்டும்.