பழைய வண்டியும் பகிர்ந்த அறிவும்

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டிகளைப் பழுது பார்ப்பது பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் ஓர் அறிவு எங்கே பிறந்தது, எவர் கைகளில் வளர்ந்தது, எதனால் அழியாமல் நின்றது என்று ஆராய்வது வரலாற்றின் பணியே ஆதலின், அந்த நோக்கில் இக்கட்டுரையைப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

1970களின் பிற்பகுதியில் என் தந்தையார் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். தோட்டத்துப் பெரிய கிராணியாரிடமிருந்து அவர் வாங்கிய மோரிஸ் மைனர் வண்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அது சில நாட்களில் எவ்விதக் காரணமுமின்றி நின்றுவிடும். அருகிலிருந்த சிறு பட்டணத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் வருவார். என்னை ஒரு வாளி நீர் கொண்டுவரும்படி அனுப்புவார். தந்தையாரை வண்டிக்குள் அமரச் சொல்வார். நான் நீருடன் திரும்பும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நீர் எதற்கும் பயன்பட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் காலமான பின் வேறு இருவர் வந்து பார்த்தனர். பெட்ரோல் பம்பையே மாற்றவேண்டும் என்றனர். புதிய பம்பு கிடைக்கவில்லை. வண்டி வீட்டின் பின்புறம் ஈராண்டுகள் மழையில் நின்றது. பின்னர் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று.

அம்மனிதரை நான் குறை கூறவில்லை. தொழில் இரகசியம் அவருடைய சோறு. நம் சித்த மருத்துவ நூல்களும் மருந்துகளைப் பரிபாஷையில் மறைத்தே கூறின. தகுதியற்றவன் கையில் மருந்து நஞ்சாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் மறைத்து வைத்த அறிவு, மறைத்தவரோடு போய்விடுவதும் உண்மையே.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் பிரிட்டனில் பழைய வண்டி ஆர்வலரிடையே வளர்ந்தது. 1896ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து பிரைட்டன் நகருக்கு நடந்த மோட்டார் பயணத்தை நினைவுகூரும் ஓட்டம் 1927இல் தொடங்கியது. மிகப் பழைய வண்டிகளுக்கான சங்கம் 1930இலும், 1931க்கு முற்பட்ட விரைவு வண்டிகளுக்கான சங்கம் 1934இலும் தோன்றின. 1922 முதல் 1939 வரை உற்பத்தியான ஆஸ்டின் செவன் என்னும் சிறு வண்டியைக் காப்பதற்காக 1939இல் மற்றொரு சங்கம் எழுந்தது. இவை ஊர்வலம் விடும் கூட்டங்களாக மட்டும் இருந்திருந்தால் நாம் அவற்றைப் பேச வேண்டியதில்லை. அவற்றின் உறுப்பினர் தாம் கண்டறிந்ததை மாத ஏடுகளில் எழுதினர், கேட்டவருக்கு விடையளித்தனர். மருத்துவரும் எழுத்தரும் ஆசிரியரும், பட்டறையில் ஒரு நாளும் கூலி பெறாதவரும் அதில் இருந்தனர்.

மோரிஸ் மைனரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அவ்வண்டி 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. உற்பத்திக்குச் சற்று முன்பு, வண்டி ஒடுங்கலாக இருப்பதாகத் தோன்றவே, மாதிரியை நடுவில் அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினாராம். முன்னரே செய்து வைத்திருந்த மோதுதாங்கிகளையும் அறுத்து நடுவே ஒரு துண்டு வைத்து இணைக்க நேர்ந்தது. தொடக்க கால மைனர்களில் அந்த ஒட்டைக் காணலாம். 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. பிரிட்டிஷ் கார்களில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிறைவுற்றபோது மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. நம் நாட்டுச் சாலைகளிலும் அவை நிறைந்திருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

உற்பத்தி நின்றதும் உதிரிப் பாகங்கள் அருகின. தொழிற்சாலை வெளியிட்ட பழுதுபார்ப்பு நூல் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அது பயிற்சி பெற்ற தொழிலாளிக்காக எழுதப்பட்டது. கழற்றும் முறையை விளக்கிய பின், பூட்டும் முறை இதற்கு நேர்மாறானது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது அத்தகைய நூல்களின் இயல்பு. ஆசிரியர் இல்லாத வகுப்பில் பாடநூலை மட்டும் வைத்துவிட்டு வந்தால் என்ன நிகழுமோ அதுவே இங்கும் நிகழ்ந்தது. வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் மைனர்களில் பிரேக்கின் முதன்மை உருளை ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, அடிச்சட்டத்துக்குள் பொருத்தப்பட்டுள்ளது. அதைத் தாங்கும் போல்ட்டுகளை உருவ முயன்றால் முன்சக்கரத்தின் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். அத்தண்டை நகர்த்துவது அரை நாள் வேலை. அப்படி ஒருமுறை துன்புற்றவர்கள், போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டும்போது தலைமாற்றிப் போட்டால் அடுத்த முறை தண்டைத் தொடவேண்டியதில்லை என்று கண்டு, பிறருக்கும் சொல்லிவைத்தனர்.

இது நேரத்தை மிச்சப்படுத்தும் செய்தி. உயிரைக் காக்கும் செய்தியும் உண்டு. மைனரின் முன்சக்கரம், டிரன்னியன் எனப்படும் மரையுள்ள உறுப்பின் வழியே கீழ்த் தாங்கியோடு இணைகிறது. வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அம்மரையின்மேல் தண்டு சுழல்கிறது. தொடக்கக் காலக் கையேடு 1000 மைலுக்கு ஒருமுறை அங்குக் கிரீஸ் செலுத்தச் சொன்னது. மறந்தவர் வண்டியில் மரை தேயும். ஒரு நாள் கழன்று, சக்கரம் உள்ளே மடிந்து வண்டி தரையில் அமர்ந்துவிடும். எவ்வளவு இடைவெளியில் கிரீஸ் இடவேண்டும் என்பது நூலில் இருந்தது. ஜாக்கியால் தூக்கிப் பாரம் நீக்கிய பின் செலுத்தினால்தான் அழுந்திக் கிடக்கும் பக்கத்துக்கும் கிரீஸ் செல்லும் என்பது அனுபவம் கற்பித்தது. சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி ஆட்டித் தேய்மானத்தை உணரும் முறையையோ எழுத்தால் முழுமையாகச் சொல்லவே இயலாது. சங்கக் கூட்டங்களில் மூத்தவர் இளையவரின் கையைப் பிடித்து அந்த ஆட்டத்தை உணர்த்துவதைக் கண்டிருக்கிறேன். ஏட்டில் எழுத்தைப் பழக்கும் ஆசிரியரைப் போலவே இருந்தது.

பகிரப்படும் அறிவெல்லாம் பழுதற்றது என்று கூற வரவில்லை. டிரயம்ப் ஹெரால்ட் என்னும் வண்டியிலும் டிரன்னியன் உண்டு. அதற்குக் கியர் எண்ணெயே செலுத்தவேண்டும். கிரீஸ் அங்குத் தீங்கு செய்யும். மைனருக்கோ கிரீஸ். பெயர் ஒன்றாயிருப்பதால் ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றுக்குச் செய்து கெடுத்தவர்கள் உண்டு. ஆயினும் வெளிப்படையாகச் சொன்ன தவற்றை மற்றொருவர் மறுநாளே திருத்த முடியும். மூடிய பட்டறையில் நிகழும் தவற்றை யார் திருத்துவது?

பகிர்ந்த அறிவு பொருளாகவும் மாறியது. 1976இல் சார்லஸ் வேர் என்பவர் பிரிட்டனின் பாத் நகரில் மைனர்களுக்கென்றே ஒரு பட்டறை தொடங்கினார். நீடித்து உழைக்கும் வண்டியைத் தூக்கி எறிந்து புதியது வாங்குவது வீண் செலவு என்பது அவர் வாதம். 1990களில் அவருடைய முயற்சியோடு இணைந்து இலங்கையில் மைனர் உதிரிப் பாகங்கள் செய்யப்பட்டு பிரிட்டனுக்கே அனுப்பப்பட்டன. மைனர்கள் நெடுங்காலம் அன்றாட வண்டிகளாகவே ஓடிய நாடு இலங்கை. தகட்டைத் தட்டி உருவாக்கும் கைத்திறன் அங்கு மறையாதிருந்தது. பிறந்த ஊரில் அருகியது வந்த ஊரில் வாழ்ந்தது என்பதில் தமிழ் கற்பிக்கும் நமக்கும் சிந்திக்க இடமுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டி உரிமையாளர்களின் கூட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். என் தந்தையாரின் வண்டியைப் பற்றிச் சொன்னேன். முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே தம் மைனரின் முன்மூடியைத் திறந்தார். சாவியைத் திருப்பியதும் உள்ளே டிக் டிக் என்று ஒலி எழுந்தது. சில நொடிகளில் அடங்கியது. மின்சாரத்தால் இயங்கும் பெட்ரோல் பம்பு அது. காந்தச் சுருள் சவ்வுத் தகட்டை இழுக்கும். இழுத்த முடிவில் மின்தொடர்பு விலகும். சுருள்வில் தகட்டைத் தள்ளிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்பும். தொடர்பு மீண்டும் சேரும். கார்புரேட்டர் நிறைந்ததும் ஒலி நிற்பது நலத்தின் அறிகுறி. நிற்காமல் விரைந்து ஒலித்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். ஒலியே எழாவிட்டால், நாளடைவில் கரிந்துபோன தொடுமுனைகள் மின்சாரத்தைத் தடுக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது திருப்புளியின் கைப்பிடியால் பம்பின்மேல் மெல்லத் தட்டினால் முனைகள் அசைந்து தொடர்பு கொள்ளும், வண்டி ஓடும். நிலையான தீர்வு, மூடியைக் கழற்றி முனைகளை நுண்ணிய தேய்ப்புத் தாளால் துடைப்பது. அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

தந்தையாரின் பழுதுபார்ப்பு நூல் இன்றும் என்னிடம் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் எழுதுவதைப் போல அவர் ஓரங்களில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். பெட்ரோல் பம்பு பற்றிய பக்கத்தில் ஏழு தேதிகள் உள்ளன. ஒவ்வொன்றின் எதிரிலும் "5 வெள்ளி. பழுது நீங்கிற்று" என்று எழுதியிருக்கிறது. எவ்வாறு நீங்கிற்று என்று எங்கும் இல்லை. அவ்விடத்தில், அவருடைய கையெழுத்துக்குக் கீழே, தட்டவேண்டிய இடத்தையும் துடைக்கும் முறையையும் நான் எழுதி வைத்திருக்கிறேன்.