ஹைட்ரஜனின் இரண்டு முகங்கள்

நேர்மின் அயனி என்றதும் சோடியமும், எதிர்மின் அயனி என்றதும் குளோரினும் நினைவுக்கு வருவது பள்ளிப் பழக்கம். இரண்டு பக்கமும் சேரக்கூடியவையும் உண்டு. நீர் மூலக்கூறுகள் தமக்குள் புரோட்டானைக் கைமாற்றி ஹைட்ரோனியமும் ஹைட்ராக்சைடுமாகின்றன. தங்கம்கூட சீசியத்தோடு சேர்ந்தால் எதிர்மின் அயனியாகிவிடும். ஆனாலும் என் மனத்தை விட்டு அகலாதது ஹைட்ரஜன்தான்.

அமிலங்களைப் படித்தவர்கள் அதை ஹைட்ரஜன் நேர்மின் அயனியாக, அதாவது வெறும் புரோட்டானாக அறிவார்கள். அதே அணு இன்னொரு எலக்ட்ரானை ஏற்றுக்கொண்டால் ஹைட்ரைடு. சாம்பல் நிறக் கால்சியம் ஹைட்ரைடுத் துண்டின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சீறிக்கொண்டு குமிழ்கள் கிளம்பும். வெளிவரும் ஒவ்வொரு ஹைட்ரஜன் மூலக்கூறிலும் ஓர் அணு ஹைட்ரைடிலிருந்து வந்தது, மற்றது நீரிலிருந்து வந்தது. எதிரும் நேரும் கைகோத்துக் கிளம்புவதைக் கண்ணாலேயே காணலாம். உருகிய லித்தியம் ஹைட்ரைடில் மின்சாரம் செலுத்தினால், வழக்கத்துக்கு மாறாக நேர்மின்வாயில் ஹைட்ரஜன் வெளிப்படும்.

ஹைட்ரஜனிடமிருந்து அதன் ஒரே எலக்ட்ரானைப் பறிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். கூடுதலாக வந்து ஒட்டிய எலக்ட்ரானைக் கழற்ற 0.75 போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதை உதிர்த்துவிடும். இந்தத் தளர்ந்த பிடிதான் சூரியனின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. ஒளிமண்டலத்தில் கோடிக்கணக்கான ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் எதிர்மின் அயனி. அதற்கான எலக்ட்ரான்களைத் தருபவை மக்னீசியம், இரும்பு போன்ற உலோகங்கள். அத்தனை அரிதான அயனிதான் அங்கே ஒளியைத் தடுத்து உறிஞ்சுகிறது. எலக்ட்ரான் மறுபடி வந்து ஒட்டும்போது ஒளி பிறக்கிறது. நம் பகல் வெளிச்சத்தின் பெரும்பகுதி அப்படி வந்ததே. 1939இல் இதை முதலில் உணர்த்தியவர் ரூபர்ட் வில்ட்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் இங்கே வருகிறார். அமெரிக்காவில் இருந்தபடி 1940களில் இந்த அயனியின் கணக்கை அவர் கையில் எடுத்தார். இரண்டு எலக்ட்ரான்களையும் அணுக்கருவிலிருந்து ஒரே தொலைவில் இருப்பதாகக் கொண்ட எளிய கணக்கில் அயனி நிலைக்கவே இல்லை. ஒன்றை அருகிலும் மற்றதை எட்டத்திலும் நிறுத்தி 1944இல் அவர் கணக்கிட்டார், அயனி நிலைத்தது. 1946இல் பிரான்சிஸ் பிரீனுடன் சேர்ந்து, எந்த அலைநீள ஒளியை அது எவ்வளவு உறிஞ்சும் என்று அட்டவணையிட்டார். சூரிய ஒளியில் அளந்திருந்த உட்கவர்தலோடு அந்த எண்கள் ஒத்துப்போயின.