வண்டி நின்னா யாரைக் கேக்கறது?

எங்க பேரணாம்பட்டுல மெக்கானிக் ஷெட்டுக்கு வெப்சைட் எதுக்குன்னு கேட்டா சிரிப்பாங்க. "நம்ம பாய் கடையைத் தெரியாதவன் எவன்?"னு கேப்பாங்க. உள்ளூர்க்காரனுக்கு அது சரிதான். ஆனா கார் ரிப்பேரோட சரித்திரமே வெளியூர்க்காரங்ககிட்டதான் ஆரம்பிக்குது மக்களே. கொஞ்சம் பின்னாடி போவோம்.

1888 ஆகஸ்டு. கார்ல் பென்ஸ் செஞ்ச மூணு சக்கர வண்டியை அவர் சம்சாரம் பெர்த்தா, புருஷன்கிட்ட சொல்லாமலே ரெண்டு பையன்களோட கிளப்பிட்டாங்க. ஜெர்மனியில மான்ஹைம்லேர்ந்து போர்ட்ஸ்ஹைம், சுமார் 100 கிலோமீட்டர். எரிபொருளுக்கு ஒரு மருந்துக்கடை. செயினுக்குக் கொல்லன் பட்டறை. பிரேக் கட்டை தேஞ்சப்போ? செருப்புத் தைக்கிறவர் ஒருத்தரைப் பிடிச்சு, அதுமேல தோலை வெச்சு அடிச்சு வாங்கிட்டாங்க! தோல் ஊர்க்காரனான எனக்கு இதைப் படிச்சப்போ ஒரே சந்தோஷம் :-) உலகத்தோட முதல் நெடுந்தூரக் கார் பயணத்தைக் கரை சேத்ததுல தோலுக்கும் பங்கு இருக்கு. (உரிய மரியாதைதான் இன்னும் கிடைக்கலை.)

எந்த ஊர்ல யார் வண்டி பாப்பாங்கன்னு எழுதி வெச்ச புத்தகம் அப்போ கிடையாது. 12 வருஷம் கழிச்சு, 1900ல, டயர் கம்பெனி மிஷெலின் அதைப் போட்டாங்க. பிரான்ஸ்ல அப்போ காரே 3,000க்குக் கீழ. அச்சடிச்சதோ 35,000 பிரதி, இலவசம். டயர் மாத்தறது எப்படி, மெக்கானிக் எங்க, பெட்ரோல் எங்க, எல்லாம் உள்ள இருக்கும். இன்னிக்கு ஓட்டலுக்கு ஸ்டார் குடுக்கறாங்களே, அதே மிஷெலின்தான். ஒரு கடையில அந்தப் புத்தகத்தை மேஜைக்கு முட்டுக் குடுத்திருந்ததைப் பாத்து கடுப்பாகித்தான் 1920லேர்ந்து காசு வாங்க ஆரம்பிச்சாங்கன்னு கம்பெனியே ஒரு கதை சொல்லுது. ஓசின்னா அதான் கதி.

நம்ம ஊருக்கு வருவோம். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில பேரணாம்பட்டு இல்லை, ஆம்பூர்லேர்ந்து உள்ள வரணும். இங்கேர்ந்து பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறினா ஆந்திராவுல வி.கோட்டா. ராத்திரி அந்த ஏத்தத்துல கிளட்ச் எரிஞ்சு நிக்கற டிரைவர் கோலார்க்காரரோ சித்தூர்க்காரரோ. அவருக்குப் பாய் கடை எப்படித் தெரியும்? செல்லுல தேடினா பல கடைக்கு வரைபடத்துல ஒரு புள்ளியும் பேரும்தான் வருது. டூவீலர் கடையா, லாரியும் பாப்பாங்களா, 10 மணிக்கு ஆள் இருக்குமா, தெலுங்கு பேசுவாங்களா, ஒண்ணும் தெரியாது. இதையெல்லாம் சொல்ல ஒத்தைப் பக்கம் போதும்.

அந்த ஒத்தைப் பக்கத்தைக் கூகுள் 2017லேர்ந்து கடைக்காரங்களுக்கு ஓசியிலயே கட்டிக் குடுத்துட்டு இருந்தது. 2024 மார்ச்ல மூடிட்டாங்க. அதை நம்பி விசிட்டிங் கார்டுல முகவரி அடிச்சவங்க பாடு திண்டாட்டம்தான். சொந்தமா ஒரு பேரைப் பதிஞ்சு வெச்சுக்க ஒரு வருஷத்துக்கு ஆகற செலவு, ஒரு லாரிக்கு ஆயில் மாத்தற செலவை விடக் குறைச்சல்.

என்ன எழுதணும்னு எந்த பாயாவது என்கிட்ட கேட்டா, முதல் வரி இதுதான்: "மலை மேலயும் வந்து பாப்போம், ராத்திரிக்கு இந்த நம்பர்."