அப்சரா (ஆய்வு அணு உலை)

மும்பை டிராம்பேயில் அமைந்த நீச்சல்குள வகை ஆய்வு உலை. இந்தியாவின் முதல் அணு உலை. 1956 ஆகஸ்ட் 4 அன்று மாறுநிலை எய்தியது. அது உயிர்பெற்ற நாள் அதுவே என்று கொள்வதுதான் பொருத்தம். ஒவ்வொரு அணுப்பிளவிலும் வெளிப்படும் நியூட்ரான்களில் சராசரியாக ஒன்று அடுத்த பிளவை உண்டாக்க, தொடர்வினை வெளித்தூண்டுதல் இல்லாமல் தானே நீடிக்கும் நிலை அது. அப்போது உலையின் திறன் மிகச் சொற்பம்தானே என்று கேட்கலாம். ஆனால் திறனைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், தொடர்வினை தானே நீடிக்காவிட்டால் கூட்டுவதற்கே ஒன்றுமில்லை. 1957 ஜனவரி 20 அன்று நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தது விழா மட்டுமே (பெயர் அவர் வைத்தது, நீருக்குள் தெரியும் நீல ஒளிக்குப் பொருந்தும் பெயர்தான்).

2009-இல் உலை நிறுத்தப்பட்டது. 2018 செப்டம்பர் 10 அன்று 'அப்சரா-யு' இயங்கத் தொடங்கியதைப் பழைய உலையின் மறுஉயிர்ப்பு என்பாருண்டு. நோக்கங்கள் பெரும்பாலும் தொடர்வது உண்மை: ஐசோடோப்பு உற்பத்தி, நியூட்ரான் ஆய்வு, கதிர்க்காப்புச் சோதனை. ஆயினும் முதல் உலைக்கு எரிபொருள் பிரிட்டன் தந்த உயர்செறிவு யுரேனியம். புதியதற்கு உள்நாட்டில் செய்த குறைசெறிவுத் தகடுகள். உச்சத்திறனும் 1 மெகாவாட்டிலிருந்து 2 மெகாவாட்டானது. எனவே இதைப் பாட்டியின் பெயரிட்ட பேத்தியாகவே கருத வேண்டும்.